சான் மரினோ 0, ஜெர்மனி 13: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2006 செப்டம்பர் 6 அன்று, ஐரோப்பிய நாடுகளுக்கான கால்பந்துப் போட்டியான யூரோ 2008இன் தகுதிச்சுற்றில், சான் மரினோ தன் சொந்த மைதானத்தில் ஜெர்மனியிடம் 13 கோல் வாங்கித் தோற்றது. பதிலுக்கு ஒரு கோல்கூடப் போடவில்லை. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருகின்றன. சிலர் ஆர்வத்தில் கேட்கிறார்கள், சிலர் இளப்பமாகக் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். இந்தச் சின்ன அணியைப் பல வருஷமாகப் பின்தொடர்கிறவன் நான். என் மனம் எந்தப் பக்கம் என்பதை எங்கேயும் மறைக்கவில்லை.

சான் மரினோ என்பது நாடா, ஊரா?

நாடுதான். நான்கு பக்கமும் இத்தாலி சூழ்ந்த குடியரசு. பரப்பளவு 61 சதுர கிலோமீட்டர். 2006இல் மக்கள்தொகை முப்பதாயிரம் சொச்சம், இப்போதும் முப்பத்தைந்தாயிரத்தைத் தொடவில்லை. நடுவில் டிட்டானோ மலை, அதன் முகட்டில் மூன்று கோபுரங்கள். கொடியின் நடுவில் இருப்பதும் அதே மூன்று கோபுரங்கள்தான். மலைக்குக் கீழே, இத்தாலிய எல்லையை ஒட்டி செர்ரவாலே என்ற ஊர். தேசிய மைதானம் அங்கே இருக்கிறது. ஏழாயிரம் பேர்கூட உட்கார முடியாது. ஜெர்மனி ஆட்டத்துக்கு ஐயாயிரம் பேர் வந்திருந்தார்கள்.

இந்த அணி எப்போதிலிருந்து ஆடுகிறது?

கால்பந்து சங்கம் 1931இலேயே தொடங்கிவிட்டது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் ஐரோப்பிய அமைப்பான யூஃபாவும் சேர்த்துக்கொண்டது 1988இல். முதல் தகுதிச்சுற்று ஆட்டம் 1990 நவம்பர் 14 அன்று, இதே செர்ரவாலேயில். ஸ்விட்சர்லாந்து 4-0 என்று வென்றது.

அன்று வந்த ஜெர்மனி எவ்வளவு பெரிய அணி?

சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. அந்தப் போட்டியில் ஐந்து கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கியவர் மிரோஸ்லாவ் குளோசே. சிறந்த இளம் வீரர் விருது வாங்கியவர் லூகாஸ் பொடோல்ஸ்கி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டு கோல் போட்டவர் பாஸ்டியன் ஷ்வைன்ஸ்டைகர். நடுவில் மிஷேல் பல்லாக். இவர்கள் நால்வருமே செர்ரவாலேயில் கோல் அடித்தார்கள்.

பயிற்சியாளர் யோவாகிம் லோவ் அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தார். அவருக்கு இது மூன்றாவது ஆட்டம். பெரிய அணி சின்ன அணியிடம் வரும்போது சில சமயம் இரண்டாம் வரிசை வீரர்களை அனுப்பும். லோவ் அப்படிச் செய்யவில்லை. புதுப் பயிற்சியாளருக்கு முன்னால் தன் இடத்தை உறுதிசெய்துகொள்ள ஒவ்வொருவரும் முழு வேகத்தில் ஓடினார்கள்.

13 கோலும் எப்படி விழுந்தன?

நிமிடக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 11இல் பொடோல்ஸ்கி. 28இல் ஷ்வைன்ஸ்டைகர், 30இல் குளோசே, 35இல் பல்லாக், 43இல் மறுபடி பொடோல்ஸ்கி, இடைவேளை விசிலுக்குச் சற்று முன் மறுபடி குளோசே. இடைவேளையில் 6-0. திரும்பி வந்ததும் 47இல் ஷ்வைன்ஸ்டைகர். பிறகு 64இல் பொடோல்ஸ்கி, 66இல் தோமாஸ் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர், 72இல் பொடோல்ஸ்கி, 73இல் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர். 87இல் மானுவல் ஃப்ரீட்ரிக். கூடுதல் நேரத்தில் பெர்ன்ட் ஷ்னைடர் பெனால்டி. பொடோல்ஸ்கிக்கு மட்டும் நான்கு.

இந்த எண்களைச் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு தாளில் கோடு போட்டு 90 நிமிடத்தையும் குறித்துப் பாருங்கள். கோல்கள் சீராக விழவில்லை, கொத்துக் கொத்தாக விழுந்திருக்கின்றன. 28க்கும் 47க்கும் நடுவில் ஆறு. 64க்கும் 73க்கும் நடுவில் நான்கு. கடைசியில் இரண்டு. முதல் கோல் மட்டும் தனியாக நிற்கிறது.

இப்போது கோல் விழாத நேரத்தைக் கூட்டுங்கள். முதல் 11 நிமிடம். அடுத்து 11இலிருந்து 28 வரை 17 நிமிடம். 47இலிருந்து 64 வரை இன்னொரு 17. 73இலிருந்து 87 வரை 14. மொத்தம் 59 நிமிடம். ஏறக்குறைய ஆட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு நேரம் இந்த முப்பதாயிரம் பேர் நாட்டின் அணி உலகத்தின் மூன்றாவது அணியைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. மீதி அரை மணி நேரத்தில் எல்லாம் உடைந்தது. 47ஆம் நிமிடத்தில் ஏழு கோல் வாங்கிய பிறகும் அடுத்த 17 நிமிடம் கோல் விழாமல் பார்த்துக்கொண்டார்களே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஸ்கோர் பலகையில் அந்த 17 நிமிடம் இல்லை.

ஒரு கோல் விழுந்தால் அடுத்தது ஏன் உடனே விழுகிறது?

தடுப்பாட்டம் என்பது பாதி கால், பாதி கவனம். எதிரணி பந்தை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று மாற்றிக்கொண்டே இருக்கும். பந்து போகும் பக்கமெல்லாம் பத்துப் பேரும் சேர்ந்து நகர வேண்டும். ஒருவர் இரண்டடி பிந்தினால் அங்கே ஒரு வழி திறந்துவிடும். பந்தை வைத்திருப்பவன் நடந்து ஆடலாம். பந்தைத் துரத்துகிறவன் ஓடித்தான் ஆக வேண்டும். இருபது நிமிடம் இப்படி ஓடியபின் ஒரு கோல் வாங்கினால், அதுவரை கட்டிக் காத்ததெல்லாம் வீணாயிற்றே என்று உடம்பு தானாகத் தளரும். அடுத்த மூன்று நான்கு நிமிடம்தான் ஆபத்து. பெரிய அணிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கோல் அடித்த கையோடு இன்னும் வேகமாக வருவார்கள்.

கல்லூரி அணியில் நான் டிஃபென்டர். ஒரு முறை எங்கள் மைதானத்திலேயே, வயதிலும் உடம்பிலும் எங்களைவிடப் பெரியவர்கள் இருந்த அணியிடம் ஒன்பது கோல் வாங்கினோம். அந்த மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. பின்னால் கருவேலம்புதர். ஒவ்வொரு கோலுக்கும் யாராவது போய் முள்ளுக்குள்ளிருந்து பந்தை எடுத்து வர வேண்டும். முதல் மூன்று கோல் வரை எங்கள் கோல்கீப்பரே ஓடினான். பிறகு நான் ஓடினேன். ஆறாவது கோலுக்குப் பின் யாரும் யாரையும் பார்க்கவில்லை, பந்து எங்கே போனதென்றுகூடப் பார்க்கவில்லை. அவன் கையில் முள் கீறி ரத்தம் வந்திருந்தது, அதை ஆட்டம் முடிந்துதான் கவனித்தோம். ஏழாவது, எட்டாவது கோல்கள் அந்த மௌனத்தில் விழுந்தவை. அதனால்தான் 47க்குப் பின் 17 நிமிடம் நின்ற அந்த ஆட்களை நான் மதிக்கிறேன். ஏழு வாங்கியபின் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேச எவ்வளவு மனசு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பதினோரு பேரும் கோல் முன்னால் நின்றுவிட்டால் எப்படி 13 விழும்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. அவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கிறார்கள். எல்லோரும் பின்னால் போனால் எதிரணியை அழுத்த முன்னால் ஆள் இருக்காது. அப்போது எதிரணி மிட்ஃபீல்டர் நிதானமாகத் தலை நிமிர்ந்து எங்கே பந்து போடலாம் என்று பார்த்துப் போடுவார். பல்லாக், ஷ்னைடர் போன்றவர்களுக்கு அந்த நிதானத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? மைதானத்தின் ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கிப் போடும் பந்து, அதாவது கிராஸ், வரும். காற்றில் வரும் பந்துக்கு குளோசேயும் பல்லாக்கும் எம்பினால், அவர்களோடு சேர்ந்து எம்பி ஜெயிக்கக்கூடியவர்கள் ஐரோப்பாவிலேயே சிலர்தான்.

இன்னொன்று, வெளியே அடித்த பந்து மறுபடி எதிராளி காலுக்கே போகும். அதை முன்னால் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு ஸ்ட்ரைக்கர் வேண்டும். அவர் பத்து விநாடி பந்தை வைத்திருந்தால் பின்னால் பத்துப் பேருக்கு மூச்சு வரும். அந்தப் பத்து விநாடி கிடைக்காத அணி 90 நிமிடமும் மூழ்கியே இருக்கும்.

அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்களா?

பெரும்பாலும் ஆமாம். அலுவலகம், கடை, தொழிற்சாலை, படிப்பு என்று பகலில் ஒன்று, மாலையில் பயிற்சி. ஆட்டத்துக்காக விடுப்பு எடுத்து வருகிறவர்கள். அன்றைய பயிற்சியாளர் ஜாம்பாவ்லோ மாஸாவே உடற்கல்வி ஆசிரியர். 1998இலிருந்து 2013 வரை இந்த அணியைப் பார்த்துக்கொண்டார். பதினைந்து வருஷம் ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் தோற்றும் விட்டுப் போகவில்லை. நாட்டுக்குள் நடக்கும் லீக் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்துக்கு வருவது வேறு உலகத்துக்கு வருவது மாதிரி.

ஆள் கணக்கும் பாருங்கள். முப்பதாயிரம் பேரில் பாதி பெண்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் கழித்தால் ஆடும் வயதில் உள்ள ஆண்கள் சுமார் மூவாயிரம் பேர் தேறுவார்கள். அதில் கால்பந்து ஆடுகிறவர்கள் எத்தனை, அதில் கோல்கீப்பர் எத்தனை? ஜெர்மனிக்கு எட்டுக் கோடிப் பேர்.

எல்லோருமே பகுதிநேரக்காரர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. இத்தாலியின் யுவென்டஸ் கிளப்பில் ஆடி 1985இல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை வென்ற மஸ்ஸிமோ போனினி சான் மரினோக்காரர். பின்னாளில் தேசிய அணிக்கும் ஆடினார்.

ஆண்டி செல்வா தமிழரா?

இந்தச் சான் மரினோ வீரரின் பெயரைப் பார்த்துவிட்டு நிஜமாகவே பலர் கேட்கிறார்கள். இல்லை. ரோமில் பிறந்தவர். இத்தாலிய மொழியில் 'செல்வா' என்றால் காடு. சான் மரினோவுக்காக அதிக கோல் அடித்தவர் இவர்தான், எட்டு கோல். இத்தாலிய லீக்குகளில் தொழில்முறையாக ஆடியவர். 2004இல் நாட்டின் முதல் வெற்றிக்குக் காரணமான கோலும் இவருடையது.

ஜெயித்தது உறுதியான பிறகும் ஜெர்மனி ஏன் நிறுத்தவில்லை? இரக்கம் காட்டியிருக்கலாமே?

யூரோ தகுதிச்சுற்றில் இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால் முதலில் அவர்களுக்குள் நடந்த ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள். எனவே 13 கோல் ஜெர்மனிக்குக் கணக்கு அளவில் பெரிய உதவி இல்லை. ஆனாலும் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பந்தைக் காலுக்குக் கால் தட்டிக்கொண்டு, கோல் முன்னால் போய்த் திரும்பி வந்து, நேரத்தை ஓட்டுவதுதான் பெரிய அவமானம். எங்களை ஒன்பது கோலுக்கு அடித்த அணி கடைசி நிமிடம் வரை எங்களைத் துரத்தி ஆடியது. அன்று வலித்தது. ஆனால் எங்களை விளையாட்டுக்காரர்களாக நடத்தினார்கள்.

மரியாதைக்கும் அலட்சியத்துக்கும் நடுவில் உள்ள கோடு அந்தக் கடைசி பெனால்டியில் தெரிந்தது. 12-0. நடுவர் பெனால்டி கொடுக்கிறார். ஜெர்மன் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் தன் கோலை விட்டுவிட்டு மைதானத்தின் மறுமுனைக்கு வருகிறார், தான் அடிப்பதாக. வேலையே இல்லாமல் 90 நிமிடம் நின்றவர், ஒரு கோல் அடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்கும். எதிரே கோல் கோட்டில் நிற்பவர் ஆல்டோ சிமோன்சினி. இருபது வயது நிறைந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பன்னிரண்டு முறை குனிந்து வலையிலிருந்து பந்தை எடுத்தாகிவிட்டது. இப்போது எதிரணி கோல்கீப்பரே வந்து அடிப்பதா? கடைசியில் லேமன் அடிக்கவில்லை. ஷ்னைடர் அடித்தார். கோல்தான், 13-0. இருந்தாலும் அடித்தவர் ஷ்னைடராக இருந்ததில் எனக்கு இன்றும் நிம்மதி.

இது உலக சாதனையா?

இல்லை. உலக அளவில் 2001 ஏப்ரல் 11 அன்று ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று வென்றதுதான் சாதனை. அது ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பரில் நடந்தது. அமெரிக்கன் சமோவாவுக்கு பாஸ்போர்ட் பிரச்சினையால் முக்கிய வீரர்கள் வர முடியாமல் சின்னப் பையன்களை வைத்து ஆட வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் சொந்த சாதனையும் 13 இல்லை. 1912 ஒலிம்பிக்கில் ரஷ்யாவை 16-0 என்று வென்றார்கள், அதில் கோட்ஃப்ரீட் ஃபுக்ஸ் ஒருவரே பத்து கோல்.

யூரோ தகுதிச்சுற்றில் மட்டும் 13-0தான் நீண்ட நாள் பெரிய வெற்றியாக இருந்தது. 2023 நவம்பர் 18 அன்று நீஸ் நகரில் ஃபிரான்ஸ் ஜிப்ரால்டரை 14-0 என்று வென்று அதைத் தாண்டியது. சான் மரினோவின் வரலாற்றில் 13-0தான் இன்றும் மிகப் பெரிய தோல்வி.

பிரேசில் 1-7 என்று தோற்றதும் இதுவும் ஒன்றா?

இரண்டிலும் எதிரணி ஜெர்மனி, இரண்டும் சொந்த மண். அதற்கு மேல் ஒற்றுமை இல்லை. 2014 ஜூலை 8 அன்று பெலோ ஒரிசோன்ச்சியில் தோற்றது ஐந்து முறை உலகக் கோப்பை வென்ற அணி. இறுதிப் போட்டிக்குப் போவோம் என்று நம்பி வந்த கூட்டம் அழுதது. செர்ரவாலேயில் வந்திருந்தவர்களுக்கு முடிவு முன்பே தெரியும். எத்தனை கோல் என்பது மட்டும்தான் தெரியாது. பிரேசில்காரர்களின் துக்கம் பெரிதுதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முடிவு தெரிந்தும் டிக்கெட் வாங்கி வந்து உட்காருவது வேறு வகை அன்பு.

இதற்குப் பின் அணி நொறுங்கிப் போயிற்றா?

ஐந்தே மாதம் கழித்து என்ன நடந்தது என்று பாருங்கள். 2007 பிப்ரவரி 7, அதே மைதானம், எதிரணி அயர்லாந்து. இடைவேளை வரை 0-0. 49இல் கெவின் கில்பேன் கோல் போடுகிறார். 86ஆம் நிமிடம் மனுவேல் மரானி சமன் செய்கிறார், 1-1. இன்னும் நான்கு நிமிடம் தாக்குப்பிடித்தால் யூரோ தகுதிச்சுற்று வரலாற்றில் முதல் புள்ளி. தாக்குப்பிடித்தார்கள். நடுவர் கூடுதல் நேரம் கொடுத்தார். அதன் கடைசி விநாடிகளில் ஸ்டீஃபன் அயர்லாந்து கோல் அடித்தார், 2-1. எனக்கு 13-0ஐ விட இதுதான் வலித்தது. 13 கோல் வாங்கியபோது கையிலிருந்து நழுவ எதுவும் இருக்கவில்லை.

ஜெர்மனியுடன் திரும்பு ஆட்டம் 2007 ஜூன் 2, நியூரம்பர்க்கில். இந்த முறை 6-0. இடைவேளையின்போது ஸ்கோர் வெறும் 1-0.

அந்தத் தகுதிச்சுற்றை 12 ஆட்டம், 12 தோல்வி, அடித்தது 2, வாங்கியது 57 என்று முடித்தார்கள். அந்த 57இல் 19 ஜெர்மனி போட்டவை. அடித்த இரண்டில் ஒன்று மரானியுடையது, மற்றது வேல்ஸுக்கு எதிராக செல்வா அடித்தது. வேல்ஸும் 2-1 என்றுதான் தப்பித்தது.

பெரிய அணிகளை இவர்கள் எப்போதாவது திடுக்கிட வைத்திருக்கிறார்களா?

1993 நவம்பர் 17. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று, இங்கிலாந்துக்கு எதிராக. சான் மரினோவின் 'சொந்த' ஆட்டம் என்றாலும் நடந்தது இத்தாலியின் பொலோன்யாவில். விசில் ஊதியதும் சான் மரினோ பந்தைத் தொடங்கி முன்னால் தள்ளுகிறது. பந்து இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பியர்ஸிடம் போகிறது. அவர் கோல்கீப்பர் டேவிட் சீமனுக்குத் தட்டிவிடுகிறார், ஆனால் பந்தில் வேகம் இல்லை. டவிடே குவால்டியேரி நடுவில் ஓடி வந்து, சீமன் கை நீட்டும் முன் பந்தை வலைக்குள் தள்ளிவிடுகிறார். எட்டு விநாடிதான் ஆகியிருந்தது. 8.3 விநாடி என்று பதிவானது. பிறகு இங்கிலாந்து ஏழு கோல் போட்டு 7-1 என்று ஜெயித்தது, ஆனால் உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் துருக்கியோடு செர்ரவாலேயில் 0-0. 2001இல் ரீகாவில் லாட்வியாவோடு 1-1. இப்படி விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான், ஆனால் உண்டு.

இவ்வளவு பலவீனமான அணியை ஏன் பெரியவர்களோடு ஆட விடுகிறார்கள்?

2016 நவம்பரில் ஜெர்மனி மறுபடி செர்ரவாலே வந்து 8-0 என்று வென்றது. செர்ஜ் ஞாப்ரி முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல். தோமாஸ் முல்லருக்கு அன்று கோல் எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் முல்லர், இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கும் தொழில்முறைக் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில் பேசினார். சான் மரினோ தரப்பில் ஊடகப் பொறுப்பில் இருந்த ஆலன் காஸ்பெரோனி அதற்குப் பத்து காரணங்களோடு பதில் எழுதினார். கால்பந்து முல்லருக்கு மட்டும் சொந்தமில்லை, நேசிக்கும் எல்லோருக்கும் சொந்தம் என்பது அதன் சாரம். உலகம் முழுக்கப் படித்தார்கள்.

முல்லர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு: ஆட்ட அட்டவணை நெருக்கம், காயம் படும் வாய்ப்பு. அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது முன்தகுதிச்சுற்று, அதாவது கடைசி வரிசை அணிகள் முதலில் தங்களுக்குள் மோத வேண்டும். ஆசியாவில் அப்படித்தான். இலங்கை அணியைக் கேளுங்கள். 2026 உலகக் கோப்பைக்கான முதல் சுற்றில், 2023 அக்டோபரில், ஏமனோடு இரண்டு ஆட்டம் ஆடியது. 0-3, 1-1. அத்தோடு உலகக் கோப்பைக் கதை முடிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் நீண்ட தகுதிச்சுற்றில் ஐந்தே நாள். ஒரு நாட்டின் பையன்கள் பெரிய வீரர்களைத் தங்கள் மைதானத்தில் பார்க்க வாய்ப்பே இல்லை. அந்த வழியைவிட ஐரோப்பிய வழியே மேல் என்பது என் கட்சி. 13-0 வாங்கினாலும் செர்ரவாலேக் குழந்தைகள் பொடோல்ஸ்கியைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தார்கள்.

ஆனால் தோல்வி மட்டுமே கொடுக்கும் அட்டவணையும் சரியில்லை. ஐரோப்பிய நாடுகளுக்காக 2018இல் தொடங்கிய நேஷன்ஸ் லீக் அதற்குப் பாதி மருந்து. சம பலமுள்ளவர்களை ஒரே பிரிவில் வைக்கிறார்கள். சான் மரினோ, ஜிப்ரால்டர், லீக்டன்ஸ்டைன் எல்லாம் கடைசிப் பிரிவான டி-யில் மோதின. இரண்டும் வேண்டும்: பெரியவர்களோடும் ஆட வேண்டும், சமமானவர்களோடும் ஆட வேண்டும்.

13 கோல் வாங்கிய அந்தக் கோல்கீப்பர் என்ன ஆனார்?

தொடர்ந்து ஆடினார். 2014 நவம்பர் 15, செர்ரவாலே, எஸ்டோனியாவோடு யூரோ தகுதிச்சுற்று ஆட்டம். அதற்கு முன் 61 ஆட்டங்கள் வரிசையாகத் தோல்வி. கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவர் அதே ஆல்டோ சிமோன்சினி, வயது 28. ஆட்டம் 0-0. யூரோ தகுதிச்சுற்றில் சான் மரினோ வாங்கிய முதல் புள்ளி அது. ஏழெட்டு வருஷத்துக்கு முன் அயர்லாந்தும் ஜெர்மனியும் வந்து போன அதே கோல் வாசலில் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை.

இதுவரை ஒரு முறையாவது ஜெயித்திருக்கிறார்களா?

மூன்று முறை, மூன்றும் லீக்டன்ஸ்டைனுக்கு எதிராக. முதலாவது 2004 ஏப்ரல் 28, நட்புறவு ஆட்டம், செல்வாவின் கோலில் 1-0. அடுத்த வெற்றிக்கு இருபது வருஷம், 140 ஆட்டம் காத்திருந்தார்கள். 2024 செப்டம்பர் 5, செர்ரவாலே, நேஷன்ஸ் லீக். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் நிக்கோ சென்சோலி ஒரு கோல் போட்டார். 1-0. போட்டி ஆட்டத்தில் வரலாற்றிலேயே முதல் வெற்றி. சென்சோலிக்கு வயது 19. முந்தைய வெற்றி கிடைத்தபோது அவர் பிறக்கவே இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 18 அன்று லீக்டன்ஸ்டைன் தலைநகர் வாடுஸில் 3-1. முதல் பாதியில் பின்தங்கியிருந்து, லொரென்சோ லஸ்ஸாரி, நிக்கோலா நன்னி, அலெஸ்ஸாண்ட்ரோ கொலினுச்சி ஆகியோரின் கோல்களால் ஜெயித்தார்கள். வெளியூரில் முதல் வெற்றி. டி பிரிவில் தங்கள் குழுவில் முதலிடம், சி பிரிவுக்கு உயர்வு. அன்று இரவு நான் தூங்கவில்லை.

இப்போதும் பெரிய தோல்வி வருகிறதா?

வருகிறது. 2021 நவம்பரில் இங்கிலாந்து செர்ரவாலேயில் 10-0 என்று வென்றது, ஹாரி கேன் நான்கு. இரண்டே வருஷம் கழித்து, 2023 அக்டோபரில், அதே இடத்தில் டென்மார்க்குக்கு எதிராக கொலினுச்சி சமன் செய்து 1-1 என்று கொண்டுவந்தார். சில நிமிடம் நீடித்த அந்தச் சமநிலைக்குப் பின் டென்மார்க் 2-1 என்று தப்பித்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும், கஜகஸ்தானுக்கும் ஃபின்லாந்துக்கும் எதிராக, ஒவ்வொரு கோல் போட்டார்கள். தோல்விதான், ஆனால் வரிசையாக மூன்று ஆட்டத்தில் கோல்.

அந்த மைதானத்தை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். சான் மரினோவுக்கு விமான நிலையமோ ரயிலோ கிடையாது. 1932இல் போட்ட ரயில் பாதை 1944இல் போரில் குண்டு விழுந்து அழிந்தது. இத்தாலியின் ரிமினிக்கு ரயிலில் போய், நிலையத்தின் எதிரிலிருந்து சான் மரினோ பஸ் பிடிக்க வேண்டும். மலையுச்சிக் கோட்டை வரை முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் உச்சி வரை போவார்கள். நீங்கள் மலை ஏறும் முன் செர்ரவாலேயிலேயே இறங்கிக்கொள்ளுங்கள்.